உன் பாதியில் இருக்கும் சொல்

நவம்பர் 2, இரவு

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அண்ணனிடமும் வேண்டாம், அண்ணியிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து, துண்டுகளை இரண்டு வேறு வேறு குப்பைத் தொட்டிகளில் போடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இப்போது நான்கு ஆணித் துளைகள்தான் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். அம்மா ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். தாள் புரளும் சத்தம் நின்றால் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். அதனால்தான் கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது.

பதிலைத் தையலக்காவின் கடை முகவரிக்கு அனுப்பு. சீருடை அளவு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வாங்கிக்கொள்வேன். "நான் இங்க தையக்கடை வச்சிருக்கேனா, தபாலாபீஸ் வச்சிருக்கேனா?" என்று கேட்டாள். ஆனாலும் சரி என்றாள்.

பள்ளி ஆய்வாளர் வந்த அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்புத் தலைவி என்பதால் அறிவியல் பதிவு நோட்டுகளைச் சேகரித்து அவர் மேசையில் வைக்கும் வேலை எனக்கு. எல்லா நோட்டுக்கும் ஒரே பழுப்பு அட்டை. எப்படியோ நம் நோட்டும் அந்தக் கட்டில் சேர்ந்துவிட்டது.

அவர் மூன்றாவதாக எடுத்ததே அதுதான். முதல் பக்கத்தில் நீ முத்து முத்தாக எழுதியிருந்த "எங்கள் பள்ளி அகராதி: சொல், பொருள், எடுத்துக்காட்டு" என்பதைப் பார்த்துவிட்டு முதலில் புருவத்தைத் தூக்கினார். பிறகு பிரின்சிபலுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்: "ஆய்வகம்: பூட்டைச் சுற்றிக் கட்டப்பட்ட அறை. எடுத்துக்காட்டு: மூன்று வருடமாக நாங்கள் ஆய்வகத்தைச் சாவித் துவாரம் வழியாகப் படித்து வருகிறோம்."

ஒட்டகம், அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆய்வகச் சாவியைக் கேட்டார். அரைமணி நேரம் தேடினார்கள். திறந்தால் உள்ளே உடைந்த பெஞ்சும் சுருட்டி வைத்த பாயும். அவர் தன் அறிக்கையில் நீளமாக ஏதோ எழுதிக்கொண்டார். பிரின்சிபல் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் என்னை அம்மாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். வைஸ் பிரின்சிபல் என்ற முறையில் விசாரணை அம்மாவுடையது. காலைப் பிரார்த்தனை முடிந்ததிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை என்னை விடவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. குடைந்து குடைந்து கேட்டார்கள்.

நம் ஆங்கில அகராதியின் முதுகு ஒடிந்தபோது ஏ முதல் எல் வரை எனக்கு, எம் முதல் இஸட் வரை உனக்கு என்று பிரித்துக்கொண்டோம் அல்லவா. என் பாதியில் அந்தச் சொல் இருக்கிறது. இன்டராகேட்: ஒருவர் சொல்ல விரும்பாததைப் பெறுவதற்காக அவரிடம் நெடுநேரம், கடுமையாக, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பது. எடுத்துக்காட்டு: பிடிபட்ட வீரனை எதிரிகள் இரவு முழுவதும் இன்டராகேட் செய்தார்கள்.

எனக்கு நடந்தது அதுதான். உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வைத்தார்கள். கோபப்படாதே.

உன்,
ஆமை

கிழித்துவிடு.


நவம்பர் 5

ஆமைக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேலையே அதுதானே இப்போது.

யாரிடமும் காட்டாதே என்கிறாய். காட்ட இங்கே யார் இருக்கிறார்கள்? காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுவரை அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். கால் மரத்துப் போகிறது. வருகிறவர்கள் எல்லாம் சான்றிதழோடு வருகிறார்கள். ஒவ்வொருவர் நடத்தைச் சான்றிதழிலும் "நன்று" என்று போட்டிருக்கிறது. நேற்று ஒருவன் வரிசையில் நின்ற கிழவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, தன் நடத்தைச் சான்றிதழில் பத்து நகல் கேட்டான். என் சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஆங்கிலக் கடிதம் என்னிடம் இருக்கிறது. "கேட்டபோது, சக மாணவி ஒருவர் தாமாக முன்வந்து தெரிவித்தார்" என்கிறது. வாலண்டரி என்ற சொல் என் பாதியில் இருக்கிறதே, எடுத்துப் பார்த்தேன். யாரும் கட்டாயப்படுத்தாமல் தன் விருப்பத்தால் செய்வது. எடுத்துக்காட்டு: அவர் ரத்ததானம் செய்ய முன்வந்தார். ரத்தம் யாருடையது என்று போடவில்லை.

உன் இன்டராகேட்டுக்கு வருகிறேன். காலை முதல் கடைசி மணிவரை என்று எழுதியிருக்கிறாய். நாலாம் பெஞ்ச் சோடாபுட்டி எனக்கு எழுதியிருக்கிறாள். அன்று மதியம் நீ அவள் டப்பாவிலிருந்து பங்கு போட்டுச் சாப்பிட்டாயாம். எதிரிகள் உன்னைச் சாப்பாட்டுக்கு விட்டார்களா?

சரி, வாயைப் பிடுங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிடுங்கினால் வேரோடு வரவேண்டும் இல்லையா? என் பெயர் மட்டும் எப்படித் தனியாகக் கழன்று வந்தது? அந்த நோட்டில் சொல்லையும் பொருளையும் யோசித்தது நீ. எடுத்துக்காட்டு என்னுடையது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் நான் எழுதினேன். பாதி அகராதி நீ. உன் பெயர் ஏன் வரவில்லை?

இருபதாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. என்னை நீக்கியது சரி என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால், பொதுத்தேர்வுப் பட்டியலில் என் பெயர் போகாது. ஒரு வருடம் போச்சு. ஒரு வருடம்தானே என்று நினைக்காதே. அண்ணன் இன்னொரு மிஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டான். அதை ஓட்டப்போவது யார் என்று உனக்கே தெரியும். அண்ணி நேற்று, "பொண்ணு கைல வேலை பழகிருச்சு, இனிமே என்ன படிப்பு?" என்று ரொம்ப அன்பாகச் சொன்னாள். எனக்கு உள்ளங்கால் எரிந்தது.

நீ பொருள் எழுதி அனுப்பிவிட்டாய். எடுத்துக்காட்டு எழுதுவது என் வேலை. நம் விதி உனக்கு நினைவிருக்கும்: எடுத்துக்காட்டு உண்மையில் நடந்ததாக இருக்கவேண்டும், ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டக் கூடாது. ஆகவே அந்த அறையில் உன்னிடம் கேட்ட கேள்விகளை, கேட்ட வரிசையில், கேட்ட வார்த்தையில் எழுதி அனுப்பு.

ஒட்டகம்

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.


நவம்பர் 7, இரவு

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நாற்பது நிமிடம்.

சொல்லிவிட்டேன். முதல் பாடவேளை ஆரம்பித்ததும் போனேன், அது முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பிறகு தலைவலி என்று சொல்லி, முதலுதவி அறைக் கட்டிலில் மதியம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தண்ணீர் கொடுக்கவில்லை என்றதும் பொய். கொடுத்தார்கள். பிஸ்கட்டும் வைத்தார்கள். நீளமாகச் சொன்னால்தான் நீ நம்புவாய் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் என்றால் யார் அதை இன்டராகேட் என்பார்கள்?

ஆனால் நான் பயந்தது பொய்யில்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் மேசை உனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அடியில் நம் வகுப்பு நேர அட்டவணை. பக்கத்தில் கணக்கு சார், எழுதிக்கொள்ள. நான் உள்ளே போனதும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்க" என்றார். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்ட அதே கையால் பேனா மூடியைத் திறந்து, "பேர் சொல்லுங்க" என்றார்.

ஒட்டகம், எனக்குப் பெயர் வைத்தவர் அவர். நான் என் பெயரைச் சொன்னேன். கணக்கு சார் எழுதிக்கொண்டார்.

"எந்த வகுப்பு?"

சொன்னேன்.

"இந்த நோட்டை முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் மேடம்."

"இது உங்க கையெழுத்தா?"

"இல்ல மேடம்."

"இது யார் கையெழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். அம்மா நோட்டை முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எங்கோ நடுவில் ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கணக்கு சார் பக்கம் திருப்பாமல் நோட்டை மூடினார்.

"யார் கையெழுத்து?"

"யார் கையெழுத்துன்னு கேட்டேன்."

"பக்கத்துல உட்கார்றவங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

"யார் கையெழுத்து?"

ஐந்தாவது முறை உன் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், "மேடம், ஆனா பொருள் எல்லாம்..." என்று ஆரம்பித்தேன். அம்மா கையை உயர்த்தி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். சார், முடிச்சுக்கலாம்" என்றார். என்னைப் பார்த்து, "வகுப்புக்குப் போங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன் என்பதையாவது நம்பு.

உன்,
ஆமை


நவம்பர் 10

ஆமைக்கு,

உன் கடிதத்தை இங்க் தீர்ந்துபோன மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி நான்கு முறை படித்தேன். அண்ணன் இரண்டு முறை திட்டினான். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எண் போட்டேன். ஒன்பது வந்தது.

ஒன்பது கேள்வியில் ஒன்றுகூட "இதை யார் எழுதினாங்க?" இல்லை. கவனித்தாயா? உனக்கு வசதியில்லாததைக் கவனிக்கும் பழக்கம் உனக்கு எப்போது இருந்தது.

"இது உங்க கையெழுத்தா?" இல்லை என்பதுதான் உண்மை. "யார் கையெழுத்து?" என்னுடையது என்பதுதான் உண்மை. உண்மையான பதில் மட்டுமே வரும்படி, ஆனால் உன்மேல் ஒரு நூல்கூடப் படாதபடி கேள்வியை வெட்டியிருக்கிறார். தையலக்காகூட இவ்வளவு அளவாக வெட்டமாட்டாள். நீ அளவை மீறி வாயைத் திறந்ததும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

அவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று நான் சொல்லட்டுமா? பன்னிரண்டாம் பக்கம். நானே எழுதினேன், அதனால் வரிகூட நினைவிருக்கிறது.

"வீடு: மாலை ஆறு மணிக்குமேல் நடக்கும் பள்ளிக்கூடம். எடுத்துக்காட்டு: சாப்பாடு தட்டில் விழுவதற்குள் மூன்று கேள்வி விழுந்தது."

"கதவு: அசையும் சுவர். எடுத்துக்காட்டு: இந்த அறையின் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை."

எனக்கு ஏது அறை? நம் ஊரில் இருந்தபோது ஒரே கூடம், ஐந்து பேர். இங்கே அண்ணன் வீட்டில் ஒரு துணித்திரை. அதைத் தட்டினாலும் சத்தம் வராது. இந்த இரண்டு சொல்லும் எந்த வீட்டிலிருந்து வந்தன என்று கண்டுபிடிக்க வைஸ் பிரின்சிபல் எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்திருக்கும்? கண்ணாடியைத் துடைக்கும் நேரம்.

ஆகவே உனக்கு நடந்தது இன்டராகேட் இல்லை. இன்டராகேட் என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. உன் அம்மா உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார். உனக்கு நடந்ததற்கு எந்தப் பாதியிலும் சொல் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். கேள்வி கேட்டது உன்னை, அடி விழுந்தது எனக்கு. இதுதான் எடுத்துக்காட்டு. பொருளை நீயே எழுதிக்கொள்.

உன் அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவர் தன் பிள்ளையைக் காப்பாற்றினார். நீ யாரைக் காப்பாற்றினாய்?

பாதி என்னுடையது என்று நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுது. இரண்டு பேர் எழுதியதற்கு ஒருத்தியை மட்டும் நீக்கமுடியாது. உன்னை நீக்கவும் மாட்டார்கள், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து நாள் இருக்கிறது.

ஒட்டகம்


நவம்பர் 12, இரவு

ஒட்டகத்துக்கு,

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அம்மாவைப் பற்றி எழுத நீ யார்?

ஒரு பக்கம் எழுது என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்த ஒரு பக்கம் குழுவின் மேசைக்குப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எது தெரியுமா? விசாரணை நடத்திய அம்மாவுக்கு மகள் எழுதியது தெரியாதா என்பதுதான். தெரியாது என்றால் கையாலாகாதவர். தெரியும் என்றால் மறைத்தவர். இரண்டில் எது ஆனாலும் பதினெட்டு வருட வேலை போகும். உனக்குப் போவது ஒரு வருடம்.

நோட்டு வேண்டாம், வாயால் சொல்லிச் சிரித்தால் போதும் என்று நான்தான் முதலில் சொன்னேன். "உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், குடுடி, நான் எழுதுறேன்" என்று பிடுங்கிக்கொண்டது யார்? கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உனக்கு எப்போதுமே ஒரு கர்வம். அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது, நான் இல்லை.

அம்மா அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவே மாட்டார். படித்திருந்தால் அன்று இரவு என்னைச் சும்மா விட்டிருப்பாரா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கமாகச் சாப்பிடும்போது கேட்கும் மூன்று கேள்வியைக்கூட அன்று கேட்கவில்லை.

இனிமேல் எழுதாதே. தையலக்காவும் அலுத்துக்கொள்கிறாள்.

ஆமை


நவம்பர் 15

இத்துடன் அகராதியின் எம் முதல் இஸட் வரை. பார்சலைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி, பின்னட்டை தொங்குகிறது. எனக்கு இனித் தேவைப்படாது. அடுத்தவர்கள் எழுதியதை நகல் எடுக்க அகராதி எதற்கு.

மூன்று கடிதம் எழுதினாய். சாரி என்ற சொல் என் பாதியில்தான் இருந்தது. ஒருமுறைகூட நீ அதைக் கேட்கவில்லை. இப்போது உன்னிடமே இருக்கிறது.

ஒட்டகம் என்ற பெயரையும் நீயே வைத்துக்கொள்.


நவம்பர் 18, இரவு

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அந்தப் பெயரை நான் வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து இன்றும் கோணிக்கொண்டுதான் போகிறது. இன்று டார்ச்சைக் காரணம் சொல்ல முடியாது.

சாரி என்பதைத் தேடிப் பார்த்தேன். அதற்கு ஐந்து வரி பொருள் போட்டிருக்கிறது. நான் என் பங்குக்கு ஒன்றே ஒன்று எழுதுகிறேன். பதிவு நோட்டுகளோடு அதை வைத்தது நான். "எப்படியோ சேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். எப்படியோ இல்லை. மணி அடித்துவிட்டது, ஆய்வாளர் படியேறிவிட்டார், நம் மேசைக்குள் பழுப்பாக இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தாய், நோட்டை நீ தொடவே இல்லை. இதையும் உன்மேல் விழவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

கர்வம் என்று எழுதியதற்கும்.

நேற்று இரவு நான் அம்மாவிடம் கேட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்தோம், அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அன்றைக்கு அம்மா என்னிடம் கேட்ட மாதிரியே, குரலை உயர்த்தாமல் கேட்கவேண்டும் என்று மத்தியானத்திலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நோட்டுல பன்னிரண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

"சாப்பிடு."

"பன்னிரண்டாம் பக்கம் படிச்சீங்களாம்மா?"

"பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கு, நீ என்ன பேசிட்டிருக்க?"

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "என்ன, வீட்லயும் விசாரணைக் கமிஷனா?" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் மறுபடி தூக்கிக்கொண்டார்.

"கேள்வி கேக்குற இடத்துல நீ இல்ல" என்றார் அம்மா.

"பன்னிரண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

 உள்ளங்கை வேர்த்தது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன் ஒட்டகம். திரும்பத் திரும்பக் கேட்பது கேட்கிறவருக்கும் சுலபம் இல்லை. அன்றைக்கு அம்மாவின் உள்ளங்கையும் வேர்த்திருக்கும்.

"படிச்சேன்" என்றார்.

"அப்ப யார் எழுதினதுன்னு என்னை ஏன் கேக்கல?"

அம்மா தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. அதனாலதான் கேக்கல."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் உண்மையைச் சொல்வேன் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவர் என் வாயை அடைத்திருக்கிறார். உன் ஒரு வருடத்தைக் கொடுத்து என்னை வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரவோடு இரவாக நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன். மூன்று படி, என் கோழிக் கிறுக்கலில். அதில் இருப்பது இது: சொற்களும் பொருளும் நான் யோசித்தவை. எடுத்துக்காட்டுகள் அவளுடையவை, அவை அத்தனையும் உண்மை. எழுதிய கை அவளுடையது, ஆனால் நோட்டு இருவருடையது. பதிவுகளோடு கொண்டுவந்து வைத்தது நான். என்னிடம் கேட்ட கேள்விகள் இவை என்று ஒன்பதையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேள்விகளைப் படித்தால் அவர்களுக்கே தெரியும். அது போதும், அதுவே அதிகம்.

தையலக்கா இன்று பள்ளி அலுவலகத்துக்குப் புதுச் சீருடைகளைக் கொண்டுபோனாள். முதல் சட்டை மடிப்புக்குள் என் உறை இருந்தது. அதை எழுத்தர் கையில் கொடுத்து, நிர்வாகக் குழுவுக்கு வந்தது என்று தேதியோடு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறாள். "துணி குடுத்தா ரசீது வாங்காம வரமாட்டேன், கடுதாசி குடுத்தா மட்டும் சும்மா வருவேனா?" என்கிறாள். முத்திரைத் தாளை இதனோடு வைக்கிறேன். நாலு நகல் எடுத்து வைத்துக்கொள். இரண்டாவது படி உனக்கு. இருபதாம் தேதி அண்ணனைக் கூட்டிக்கொண்டு அதோடு வா.

அகராதியின் இரண்டு பாதியையும் காலணிக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். நாளை பார்சலில் வரும். பரீட்சைவரை உன்னிடம் இருக்கட்டும்.

மூன்றாவது படியை அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. என்னை அடித்தாலும் பரவாயில்லை, பேசாமல் இருந்தால்தான் தாங்காது. பதினெட்டு வருடம் என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பதினெட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் செய்தது சரிதானே? நீ எப்படியும் சரி என்றுதான் சொல்வாய். உன்னைக் கேட்டுப் பயனில்லை.

நாற்காலி நகர்கிறது. கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது.

தாளைப் பிரிக்கிறார். ஒரு பக்கம் புரண்டது. எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரமாக எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கம்.

விளக்கை அணைக்கலாமா என்று கை போகிறது. அணைக்கமாட்டேன். வருகிறார். செருப்புச் சத்தம் என் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. கீழே இடுக்கில் அவர் கால் நிழல் தெரிகிறது. தள்ளினால் திறந்துவிடும், தாழ்ப்பாள்கூட இல்லை. ஏன் வெளியிலேயே நிற்கிறார் என்று தெரியவில்லை.

ஒட்டகம், அம்மா கதவைத் தட்டுகிறார்